மூன்றாம் நம்பர் அறையின் மேற்குச் சுவர்

நான் செய்யும் வேலையை ஒரு வரியில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. ஒரு கட்டடத்தின் சுவர், கூரை, கதவிடுக்கு இவற்றில் வெப்பம் எந்த வழியாகக் கசிகிறது என்று தெர்மல் கேமராவில் பார்த்துச் சொல்வேன். "சூடு வெளிய போனா போய்த் தொலையட்டுமே மேடம், அத்த எதுக்குப் புடிச்சி வெச்சிக்கினு இருக்கணும்?" என்று மணவாள நகரில் எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். பனி விழும் ஊர்களில் வீட்டுக்குள் மூட்டிய சூட்டைத் தெருவுக்குப் போகவிடாமல் காக்க வேண்டும். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் அது தலைகீழ். இங்கே காக்க வேண்டியது குளிரை. சூடு நாலாபக்கமும் நின்றுகொண்டு உள்ளே வர வழி தேடிக்கொண்டிருக்கும். எந்த இடுக்கில் அது நுழைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் குளிர்பதனக் கிடங்குக்கு என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். எங்கள் பக்கத்தில் எறா என்று சொல்கிற இறாலை வாங்கி, உரித்து, உறைய வைத்து ஏற்றுமதி செய்கிற இடம். முதலாளி பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். "கம்ப்ரசர் நிக்கவே மாட்டேங்குதும்மா. ராப்பகலா ஓடுது. எங்கியோ குளிர் ஒழுகுது. எங்கன்னு காட்டிட்டுப் போங்க, போதும்" என்றார் போனில்.

வெயில் சுவரில் ஏறிவிட்டால் கேமரா குழம்பிப்போகும். அதனால் கோடைக்காலத்தில் விடிவதற்கு முன்னாலேயே போய்விடுவேன். அன்றும் நாலரை மணிக்குக் காரை எடுத்து பெரியபாளையம், புதுவாயல் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். அவருக்கும் அன்று காலை ஷிப்ட். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

கேட்டில் எனக்காகக் காத்திருந்தவர் மெஷின் ரூம் ஆபரேட்டர். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பம், நாற்பது வயதிருக்கும். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு குழாயும் தனக்குத் தெரியும் என்கிற மாதிரி நடந்தார். அது உண்மையும்கூட.

கட்டடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். உறைநிலை அறைகள் மூன்று, வரிசையாக. ஒவ்வொன்றுக்குள்ளும் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு, இருபது டிகிரி. சுவர்கள் செங்கல் இல்லை, பஃப் பேனல். இரண்டு தகடுகளுக்கு நடுவே கெட்டியான நுரை அடைத்திருக்கும். மூன்றாம் நம்பர் அறையின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எறா உரிக்கும் ஹால். ஹாலிலிருந்து அந்த அறைக்குப் போக ஒரு பெரிய தள்ளுகதவு. அதற்கு நாலடி தள்ளி, ஹாலுக்கு வெளியே போகிற வாசல். பின்பக்கம் இன்னொரு வாசல் இருந்தது. ஆனால் அதன் முன்னால் தெர்மாகோல் பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தார்கள்.

முதல் இரண்டு அறைகளில் எதிர்பார்த்ததுதான் கிடைத்தது. வண்டி வந்து நிற்கிற பக்கத்துக் கதவில் ரப்பர் பட்டை கிழிந்து, கேமராவில் மஞ்சள் கோடாகத் தெரிந்தது. கூரைப் பேனல் இரண்டு சேருமிடத்தில் ஒரு வெடிப்பு. படம் எடுத்து, சுவரில் சாக்பீஸால் குறியிட்டுக்கொண்டே வந்தேன். ஆபரேட்டர் ஒவ்வொரு குறியையும் பார்த்து, "நான் சொன்னேன் மேடம், அந்தப் பட்டைய மாத்துங்கன்னு. கேட்டாத்தானே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறரை மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்தன. ஆரம்பாக்கம், எளாவூர் பக்கத்திலிருந்து முப்பத்தைந்து பெண்கள் இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி மாட்டி, ஐஸ் கொட்டின எறாக் குவியலுக்கு முன்னால் மேசை மேசையாக நின்றுகொண்டார்கள். அவர்களை மேய்ப்பவர் ஒரு மேஸ்திரியம்மா. ஐம்பதைத் தாண்டியவர். குரல் ஹாலின் அந்தக் கோடி வரை கேட்கும். மேற்குச் சுவரை ஒட்டிய மேசைகளுக்குத்தான் போட்டி என்று அன்று தெரிந்துகொண்டேன். வேலை செய்யும்போது முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், சுவர் ஜில்லென்று இருக்கும்.

அந்தச் சுவரைப் பார்க்கத்தான் நான் ஹாலுக்குள் போனேன். தோள் உயரம் வரை எவர்சில்வர் தகடு அடித்திருந்தார்கள், தினமும் கழுவிவிட வசதியாக. கேமராவைத் தூக்கினேன். சுவர் ஊதா நிறத்தில் விரிந்தது. மேசைகளுக்குப் பின்னால், தள்ளுகதவிலிருந்து ஐந்தாறடி தள்ளி, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒன்று.

வெள்ளை என்றால் அந்தப் படத்திலேயே அதிகச் சூடான இடம் என்று அர்த்தம்.

ஒரு கணம் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பளபளப்பான தகடு கேமராவுக்குக் கண்ணாடி மாதிரி. எதிரே நிற்கிற ஆளின் உடம்புச் சூட்டை அப்படியே திருப்பிக் காட்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் சொந்த முகத்தையே கோளாறு என்று குறித்துக்கொண்டு போவார்கள். நான் இரண்டடி இடதுபக்கம் நகர்ந்தேன். பிம்பமாக இருந்தால் அதுவும் நகர வேண்டும். நகரவில்லை. அந்த இடத்துக்கு எதிரே நின்றிருந்த பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் தள்ளி நின்றாள். வெள்ளை அங்கேயே இருந்தது.

ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். "அதுவா? டோர் ஹீட்டர் மேடம். கதவு ஐஸ் புடிச்சி ஒட்டிக்காம இருக்கறதுக்கு நிலையச் சுத்தி ஹீட்டர் வயரு ஓடுது. அது சூடாத்தான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். எல்லா உறைநிலை அறைக் கதவிலும் அந்த வயர் இருக்கும். ஆனால் கதவு நிலை இங்கே, வெள்ளை அங்கே. நடுவில் ஐந்தடி.

"அங்க இன்னா இருக்குது உள்ள?"

யோசித்தார். "ஹீட்டருக்குக் கரண்டு வர்ற கேபிளு அந்த வழியாத்தான் வருது. பேனல் போட்டப்பவே உள்ள உட்டுட்டாங்க. ஜாயின்ட்டு எங்க போட்டானுங்கன்னு எனக்குத் தெரியாது."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்னால் திருநின்றவூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவருக்குள் சூடான கோடு ஒன்றைப் பார்த்தேன். உள்ளே வயர் எரிகிறது என்று அடித்துச் சொன்னேன். சுவரை உடைத்தார்கள். ஒன்றுமில்லை. அடுத்த வீட்டு ஏசி மெஷின் வெளியே துப்பின காற்று அந்தச் சுவரைச் சூடாக்கியிருந்தது, அவ்வளவுதான். உடைத்த சுவருக்கு முன்னால் குடியிருப்புக்காரர்கள் நின்று என்னைப் பார்த்த பார்வை மனதிலிருந்து போகவே இல்லை. "காசு குடுத்து மிஷின் வாங்கிட்டா ஆச்சா?" என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் இரண்டு முறை, மூன்று முறை சோதிக்காமல் வாயைத் திறப்பதில்லை என்று ஆகிவிட்டது. அது நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து, அந்த இடத்தில் ஒட்டினேன். டேப் பளபளக்காது, பொய் சொல்லாது. அடியில் உள்ள தகட்டின் சூட்டுக்கு அது வந்து சேரச் சில நிமிடம் ஆகும். காத்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண் எறாவைக் கிள்ளிக்கொண்டே, "இன்னாக்கா, செவுத்துக்குப் பிளாஸ்திரியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நாற்பத்து நாலு டிகிரி காட்டியது.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் உறைபனி. இந்தப் பக்கம் ஏசி போட்ட ஹால். நடுவில் நாற்பத்து நாலு. கையின் பின்புறத்தை வைத்துப் பார்த்தேன். வெந்நீர்ச் சொம்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அந்த ஹீட்டரோட பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க" என்றேன் ஆபரேட்டரிடம்.

"கதவு ஒட்டிக்கும் மேடம்."

"பத்து நிமிஷம்தான். ஹீட்டர் சூடுன்னா ஆஃப் பண்ணா ஆறணும். ஆறுதான்னு பாப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே போய் ஆஃப் செய்துவிட்டு வந்தார். நான் கைக்கடிகாரத்தையும் கேமராவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் நின்ற பத்து நிமிடங்களில் மிக நீளமானது அதுதான். ஹாலில் தண்ணீர் ஓடும் சத்தம், தட்டுகள் உரசும் சத்தம், மேஸ்திரியம்மாவின் அதட்டல். எறா வாடை மூக்கை அடைத்தது. நடுவே வேறொரு வாடை வருகிற மாதிரி இருந்தது, பிளாஸ்டிக் கரிவது போல. மூச்சை இழுத்துப் பார்த்தால் இல்லை. மனப்பிராந்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது நிமிடத்தில் நாற்பத்து நாலு. ஆறாவது நிமிடத்தில் நாற்பத்தேழு. பத்தாவது நிமிடத்தில் ஐம்பத்தொன்று. உள்ளங்கை அகலமிருந்த வெள்ளை இப்போது மேல்நோக்கி ஒரு முழம் வளர்ந்திருந்தது.

கரண்டை நிறுத்தியும் சூடு ஏறுகிறது என்றால் சூட்டுக்குக் கரண்டு தேவைப்படவில்லை. உள்ளே ஏதோ தானாகவே கனன்றுகொண்டிருக்கிறது.

ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்தேன். எண்ணைப் படிக்க அவருக்கு என் விளக்கம் தேவைப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கேபிளு போற எடத்துல பேனலுக்குள்ள மரச்சட்டம் ஓடுது மேடம். மேல கூரை வரைக்கும்."

"உள்ள யாராவது இருக்காங்களா? மூணாம் நம்பர்ல?"

"லோடிங் ஆளுங்க ரெண்டு பேர். ஒம்பது மணிக்குக் கன்டெய்னர் வருது."

"வெளிய கூப்பிடுங்க. இந்தப் பொம்பளைங்களையும் வெளிய அனுப்பணும்."

அவர் அசையவில்லை. "பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க மேடம். அவரு சொல்லாம நான் வேலைய நிறுத்துனா என் கதை முடிஞ்சுது."

பாய்க்குப் போன் போட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், பொன்னேரி தாண்டி வருவதாகச் சொன்னார். நான் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டார்.

"புகை வருதாம்மா?"

"இன்னும் வரல பாய்."

"நெருப்பு தெரியுதா?"

"தெரியாது பாய். சுவருக்குள்ள இருக்குது."

"அப்போ உங்க மெஷின்லதான் தெரியுது. பாருங்கம்மா. ஒம்பதுக்குக் கன்டெய்னர். இன்னிக்கு ஏத்தலன்னா கப்பல் போயிடும். அத்த ஏத்தி அனுப்பிடுவோம். பன்னெண்டு மணிக்கு நானே நின்னு செவுத்தைப் பிரிச்சிப் பாக்க வைக்கிறேன். அதுவரைக்கும் ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க. ஒரே வாசல். நெரிசல்ல ஒருத்தர் மேல ஒருத்தர் வுழுந்தா அது யாரு பொறுப்பு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திருநின்றவூர்ச் சுவர் கண்முன்னால் வந்தது. இங்கேயும் பிரித்துப் பார்த்து உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால், கப்பலைத் தவறவிட்டவள் நான். இந்தத் தொழிற்பேட்டையில் இனி யாரும் என்னை உள்ளே விட மாட்டார்கள். "சரி பாய்" என்றேன். போனை வைத்தேன். வைத்த பிறகுதான் 'சரி' என்று சொல்லிவிட்டேன் என்பதே உறைத்தது.

கேமராவைத் திரும்பத் தூக்கினேன். ஐம்பத்தைந்து.

பிளாஸ்திரி என்று கிண்டல் செய்த பெண் அந்தச் சுவருக்கு ஓரடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. பஃப் நுரை பற்றினால் நெருப்பைவிடப் புகைதான் முதலில் கொல்லும். ஒரே வாசல், அதுவும் இந்தச் சுவரை ஒட்டியே இருக்கிறது. நான் நேராக மேஸ்திரியம்மாவிடம் போனேன். காதோரமாக, "இந்தச் சுவருக்குள்ள நெருப்பு கனலுதும்மா. எல்லாரையும் சத்தம் போடாம வெளிய கூட்டிக்கினு போகணும். இப்பவே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாய் சொன்னாரா?"

"இல்ல. பாய் வேணாம்னு சொல்லிட்டாரு. நான் சொல்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு சுவரிடம் வந்தார். டேப் ஒட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தார். முகத்தில் மாற்றமில்லை. காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் ஊறின கை. விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "எனக்கு ஒண்ணியும் தெரியல கண்ணு. இந்தக் கைக்கு அடுப்ப வெச்சாக்கூடத் தெரியாது" என்றார்.

பிறகு குனிந்து, கன்னத்தைச் சுவரில் வைத்தார்.

சட்டென்று முகத்தை எடுத்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த கணம் ஹால் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலை அவர் எழுப்பவில்லை. சாதாரணமாக, தண்ணீர் குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார்: "ஏ பொண்ணுங்களா, கைய உதறிக்கினு வாங்க. நாஷ்டா முன்னாடியே வந்துடுச்சாம். கத்தி, பேசின் எல்லாம் அப்படியே கெடக்கட்டும். வாசக்கிட்ட இருக்கறவங்க முதல்ல. தள்ளாம போங்கடி."

ஒரே ஒரு பெண் மட்டும், "இவ்ளோ சீக்கிரமாவா?" என்றாள். "வாய மூடிக்கினு நட" என்றார் மேஸ்திரியம்மா. அவர் வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணி வெளியே விட்டார். கடைசி மேசைக்காரி ஈரத் தரையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப் போய்த் தூக்கிவிட்டேன். அந்த நேரத்தில்தான் வாடை வந்தது. இந்த முறை மனப்பிராந்தி இல்லை. தொண்டையைக் கீறியது.

ஆபரேட்டருக்கும் அது எட்டியிருக்க வேண்டும். அதற்கு மேல் அவர் யாரையும் கேட்கவில்லை. தள்ளுகதவை இழுத்தார். சட்டென்று வரவில்லை, ஹீட்டர் நின்றுபோன கதவின் விளிம்பில் அதற்குள் பனி பிடித்திருந்தது. இழுக்கிறார், கதவு அசையவில்லை. உள்ளே இரண்டு பேர். நானும் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தோம். 'டப்' என்று பனி விட்டது. "டேய், போட்டுட்டு வெளிய வாங்கடா!" என்று அவர் உள்ளே கத்தின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தடித்த கோட்டுப் போட்டிருந்த இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் வந்தார்கள். கதவைத் திரும்ப மூடினோம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அவர் ஓடி வந்தபோது, மேற்குச் சுவரின் உச்சியில், கூரை சேருமிடத்தில், நூல் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

வெளியே மரத்தடியில் மேஸ்திரியம்மா இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தார். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். முகவரியை இரண்டு தடவை சொன்னேன்.

வண்டி வருவதற்கு முன்னால் பாய் வந்துவிட்டார். காரை நிறுத்தின வேகத்தில் கதவைக்கூட மூடவில்லை. வெளியே நிற்கிற பெண்களைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று என்னிடம் வந்தார். நான் பதில் சொல்வதற்குள் ஆபரேட்டர் குறுக்கே வந்து, "உள்ள வந்து மூச்சு இழுத்துப் பாருங்க பாய்" என்றார்.

பாய் உள்ளே போனார். வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பினபோது கோபம் போய் வேறு ஏதோ இருந்தது. "தகட்டைப் பிரிங்க. தண்ணி ஊத்தி அணைச்சிடலாம். ஆளுங்களைக் கூப்பிடு" என்று உள்ளே போகத் திரும்பினார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு முதலாளியை அவருடைய கட்டடத்துக்குள் போகவிடாமல் மறிப்பது அதுவே முதல் முறை. "பிரிக்காதீங்க பாய். உள்ள காத்து இல்லாமத்தான் இவ்வளவு நேரமா கனன்னுக்கினு இருக்குது. பிரிச்சா குப்புன்னு புடிச்சிக்கும். அவங்க வரட்டும்."

"என் சரக்கு உள்ள இருக்குதும்மா."

"தெரியும் பாய்."

"என் வாப்பா கட்டுன கம்பெனி."

நான் நகரவில்லை. அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வாசல் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டு நின்றார். அப்படி எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. தீயணைப்பு வண்டியின் மணி கேட்டது.

அவர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு, குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டுதான் தகட்டை வெட்டினார்கள். வெட்டின இடத்தில் கருப்புப் புகை பிதுங்கி வந்தது. அடுத்த நொடி ஓர் ஆள் உயரத்துக்கு நெருப்பு நாக்கு நீட்டியது. பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரே குரலில் ஒரு சத்தம் எழுந்தது. தண்ணீர் பாய்ந்தது. ஹால் முழுக்க வெள்ளையும் கருப்புமாகப் புகை. அரைமணி நேரத்துக்கும் மேல் போராடினார்கள். மேலே இரண்டு கூரைப் பேனல்களையும் அறுத்து எடுத்தார்கள்.

எல்லாம் அடங்கின பிறகு தீயணைப்பு அதிகாரி என்னையும் பாயையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். சுவருக்குள் கேபிள் இணைப்பு உருகி உருண்டையாகிக் கிடந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த மரச்சட்டம் அடியிலிருந்து கூரைக்குக் கொஞ்சம் கீழே வரை கரி. "கூரைக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி" என்றார். "கூரையில ஏறியிருந்தா மூணு ரூமும் ஒண்ணா போயிருக்கும். ஜனங்க உள்ள இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். பாய் அந்தக் கரிக்கட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொள்ளாமலேயே வெளியே போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. குளித்தும் வாடை போகவில்லை. மாலையில் வந்த என் வீட்டுக்காரர் என் தலைமுடியை முகர்ந்துவிட்டு, "இன்னா ஆச்சு?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். 'சரி பாய்' என்று நான் சொன்ன இடம் வந்ததும் எழுந்து மறுபடியும் குளிக்கப் போய்விட்டேன்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்த இடம் மறுபடியும் வந்தது. கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகும். வெள்ளையை நான் முதலில் பார்த்த படம் ஆறு ஐம்பத்திரண்டு. மேஸ்திரியம்மா வாசலில் நின்று முதல் பெண்ணை வெளியே விட்டபோது என் கைக்கடிகாரத்தில் ஏழு பதினெட்டு. இருபத்தாறு நிமிடம். முதல் சில படங்களை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஐம்பத்தொன்று டிகிரி படத்திலிருந்து தொடங்கினால், பார்த்தவுடனே எல்லோரையும் காப்பாற்றினவளாகத்தான் நான் தெரிவேன். இரண்டு நாள் அந்த அறிக்கையை முடிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எல்லாப் படங்களையும் வரிசையாகவே போட்டு அனுப்பினேன்.

இன்சூரன்ஸ் சர்வேயர் அதைத்தான் முதலில் பிடித்தார். எரிந்த ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம், பாயும் இருந்தார். "முதல் படத்துக்கும் வெளியேத்துனதுக்கும் நடுவுல இருபத்தாறு நிமிஷம் மேடம். அதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"சோதிச்சேன்."

"சோதிச்சது பதினஞ்சு நிமிஷம். மீதி?"

"பயந்துக்கினு நின்னேன் சார். தப்பா சொல்லிட்டா என்ன ஆகும்னு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாய் தொண்டையைச் செருமினார். "அதுல பாதி என்னுது சார். அவங்க போன் பண்ணாங்க. நான்தான் பன்னெண்டு மணி வரைக்கும் இருங்கன்னேன். அத்தையும் எழுதிக்கங்க" என்றார். சர்வேயர் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி நானும் பாயும் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது ஆட்கள் இருக்கிற பக்கம் காரணம் தெரியாத சூடு எதைப் பார்த்தாலும், முதலில் ஆட்களை வெளியே அனுப்பச் சொல்கிறேன். டேப் ஒட்டுவது, சோதிப்பது எல்லாம் அதற்கப்புறம்தான். இரண்டு தடவை ஒன்றும் இல்லாமல் போயிருக்கிறது. இரண்டு தடவையும் திட்டு வாங்கினேன். வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கிடங்கு மூன்று மாதம் மூடிக் கிடந்தது. மேற்குச் சுவரைப் புதிதாகப் போட்டார்கள். கேபிளெல்லாம் இப்போது சுவருக்கு வெளியே, குழாயில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடுகிறது. பின்வாசலுக்கு முன்னால் மஞ்சள் பெயின்ட் கோடு அடித்து, எதையும் வைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். சில பெண்கள் திரும்பி வரவில்லை. தடா பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்களாம். பிளாஸ்திரிப் பெண்ணும் அதில் ஒருத்தி.

மறுபடி திறந்த அன்று காலையில் பாய் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது பெண்கள் ஹாலுக்கு வெளியே பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. மேஸ்திரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீ பாத்துச் சொல்லு கண்ணு. அப்பொறம் நான் உள்ள உடறேன்" என்றார்.

சுவரின் ஒவ்வொரு அடியையும் பார்த்தேன். கதவு நிலை, கூரை ஓரம், குழாய், எல்லாம். அரைமணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை, பாயும் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கேமராவை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "போலாம்மா" என்றேன்.

அவர் நகர்ந்தார். பெண்கள் உள்ளே போனார்கள். மேற்குச் சுவரை ஒட்டின மேசைகள் மட்டும் வெகுநேரம் காலியாகவே இருந்தன. பிறகு மேஸ்திரியம்மாவே போய், ஒரு பேசினை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று எறாவை உரிக்க ஆரம்பித்தார்.